தர்மா மிஸ்ஸும் யோகமலர் என்ற பெயரும்

செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. திங்கட்கிழமை காலை, வீட்டின் பின்பக்கம் குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மரண அறிவித்தல் சொல்லும் ஓட்டோ எங்கள் உப்புவெளி ஒழுங்கைக்குள் வந்தது. "ஓய்வுபெற்ற பேராசிரியர்" என்று தொடங்கியதால் நான் காது கொடுக்கவில்லை. எனக்குப் பேராசிரியர் யாரையும் தெரியாது. ஓட்டோ ஒழுங்கை முடிவில் திரும்பி மறுபடி வந்தபோதுதான் பெயர் காதில் விழுந்தது. தர்மாவதி. உட்துறைமுகப் பக்கத்தைச் சேர்ந்தவர். நான் எழுந்து நின்றேன். பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு மீனை இழுத்துக்கொண்டு போனது. அதைத் துரத்தவும் தோன்றவில்லை.

தர்மா மிஸ் பேராசிரியர் அல்ல, கலாநிதிப் பட்டம் பெற்ற விரிவுரையாளர். அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் கொழும்பிலிருந்து வந்த அவருடைய தமக்கையின் மகன். அவரில் பிழை இல்லை. இத்தனை வருடம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்த ஒருவர் பேராசிரியராகத்தான் ஓய்வு பெற்றிருப்பார் என்று யாரும் நினைப்பார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி அவர்தான் என்னைக் கேட்டார். மிஸ் ஏன் பேராசிரியர் ஆகவில்லை என்பதைச் சொல்லாமல் என்னால் அவரைப் பற்றி எதுவும் எழுத முடியாது. அது ஒரு பக்கத்தில் அடங்காது. மலரின் மற்றப் பக்கங்களை எழுதுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நான் அவருடைய மாணவி அல்ல. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மிஸ் ஊர் ஊராகப் போய்ப் பெண்களோடு கதைத்துக் கசெட்டில் பதிந்துகொண்டு வருவார். வேலை முடிந்த பின்னேரங்களில் நான் அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். இருபது வருடம் அதைச் செய்தேன். துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் வந்து போன கப்பல்களைப் பற்றி எழுதினார்கள் என்றும், அந்தக் கப்பல்காரரின் துணியைத் தோய்த்தது யார் என்று ஒருவரும் எழுதவில்லை என்றும் மிஸ் சொல்லுவார். பழைய பதிவேடுகளில் ஆண்கள் பெயரோடு இருக்கிறார்கள், பெண்கள் "மனைவி" என்று இருக்கிறார்கள் என்பார். அந்த "மனைவி"யின் பெயரைத் தேடித்தான் அவர் கசெட்டோடு புறப்பட்டார்.

முதல் கசெட்டை நான் அடித்துக் கொடுத்தபோது மிஸ் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். "இதில அந்த அம்மா கதைக்காம இருந்த இடம் எங்க?" என்று கேட்டார். கதைக்காமல் இருந்ததை எப்படி மிஸ் அடிப்பது என்று கேட்டேன். "ஒரு வரி வெறுமையா விடுங்கோ. கனநேரம் இருந்தா ரெண்டு வரி விடுங்கோ." காகிதத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விட்டேன். நாள் போகப் போக, பக்கத்தைப் பார்த்த உடனேயே அந்தப் பெண் எந்த இடத்தில் தத்தளித்தாள் என்று எனக்கும் விளங்கத் தொடங்கியது. அச்சுக்குப் போகும்போது மிஸ் அந்த வரிகளை எடுக்க விடமாட்டார். அச்சகக்காரர் இதைப் பிழை என்று நினைத்து மூன்று முறை தொலைபேசி எடுத்தார்.

சில சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பஸ்ஸில் இறங்கிக் கடற்கரை மணலில் நடந்து போவோம். கருவாடு காயப்போடும் பெண்களுக்குப் பக்கத்தில் மிஸ் சேலையோடு மணலில் இருந்துவிடுவார். கதிரை கொண்டுவந்து கொடுத்தால் அதில் கசெட் பெட்டியை வைப்பார். ஒரு கேள்வி கேட்பார். பிறகு வாயே திறக்கமாட்டார். நான் அப்படி இருந்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மிஸ் மீன் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு அரைமணித்தியாலம்கூட இருப்பார். கடைசியில் அந்தப் பெண்களே பொறுக்கமுடியாமல் தொடங்கிவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு வயதான பெண் கதையை நிறுத்திவிட்டு மிஸ்ஸைப் பார்த்து, "எல்லாரையும் கேக்கிறியள். உங்கட பாடு என்ன? வீட்டில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"நான்தான் இருக்கிறன்," என்றார் மிஸ்.

"அப்ப இதெல்லாத்தையும் கொண்டுபோய் ஆருக்குச் சொல்லுவீங்கள்?"

மிஸ் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அந்தக் கசெட்டை அடிக்கும்போது எத்தனை வரி விடுவது என்று கேட்டேன். அந்தக் கேள்வியையே அடிக்காமல் விட்டுவிடச் சொன்னார். நான் கேட்ட இத்தனை கசெட்டுகளில் அவரை யாராவது ஒரு கேள்வி கேட்டது அந்த ஒருதரம்தான்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அது சோதனைச் சாவடிகள் இருந்த காலம். யார் யாரிடம் என்ன சொன்னார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தாலும் ஆபத்து. அதனால் மிஸ் பெண்களின் உண்மைப் பெயரை எங்கேயும் எழுதுவதில்லை. எனக்கும் எழுத விடமாட்டார். அவருடைய தலைக்குள் இருந்தது, என்னுடைய தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான். "எழுதி வைச்சா ஒருநாள் ஒருத்தன் வாசிப்பான், லோகா" என்பார். கசெட்டிலும் புத்தகத்திலும் வேறு பெயர்தான் வரும். அந்த வேறு பெயரை அவர் தானாக வைப்பதில்லை. சொந்த வாழ்க்கையைச் சொல்லுகிற ஒரு பெண்ணுக்கு நான் யார் பெயர் வைக்க என்று கேட்பார். கதை முடிந்ததும், "உங்களுக்கு ஆசையான ஒரு பேர் சொல்லுங்கோ, அதைப் போடுறன்" என்பார்.

இது பெண்களுக்கு மிகவும் பிடித்த கட்டம். அதுவரை அழுதுகொண்டிருந்தவர்களும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு யோசிப்பார்கள். சிலர் சினிமா நடிகையின் பெயர் கேட்டார்கள். அம்மனின் பெயர் கேட்டவர்கள் நிறைய. ஒருவர் தன்னுடைய மாமியாரின் பெயரைப் போடச் சொன்னார். "அவவும் கொஞ்சம் நாலு பேரிட்டப் பேச்சு வாங்கட்டும்" என்றார். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் காலமாகிக் கனகாலம் என்பதால் அதை அப்படியே போட்டோம். அந்தச் சிரிப்பில் இருந்த ஆபத்து எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

போர் முடிந்து சில வருடங்களில் மிஸ்ஸின் பெரிய புத்தகம் வந்தது. "கடலுக்குப் போகாதவர்கள்." எங்கள் கரையின் மீனவக் குடும்பத்துப் பெண்களின் வரலாறு. அதில் ஒரு அத்தியாயம், உப்புவெளிக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்துப் பெண் சொன்னது. புத்தகத்தில் கிராமத்தின் பெயர் இருந்தது, நான் இங்கே எழுதமாட்டேன். கணவன் காணாமல் போனபிறகு, இடம்பெயர்ந்து ஒரு முகாமில் இருந்தபோது, அந்தப் பெண் வேறொரு மனிதரோடு இரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. "என்ர சீவியத்தில நான் சிரிச்சுக்கொண்டு எழும்பினது அந்த ரெண்டு வருசம்தான்" என்று கசெட்டில் சொல்லுவார். அதற்குப் பிறகு நான் நான்கு வரி விட்டேன். ஆசையான பெயர் என்று அவர் சொன்னது யோகமலர்.

உண்மையாகவே ஒரு யோகமலர் அந்தக் கிராமத்தில் இருந்தார். அவருடைய கணவரும் காணாமல் போனவர்தான்.

புத்தகம் வந்து இரண்டு மாதம் இருக்கும். மிஸ்ஸின் வீட்டில் நானும் இருந்தேன். முற்றத்தில், எங்கள் நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு, யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. ஒரு பெண் அவற்றை விலத்திக்கொண்டு உள்ளே வந்தார். சொப்பிங் பைக்குள் இருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ், நான் உங்களோட ஒருநாளும் கதைக்கேல்லையே," என்றார்.

"நீங்கள் ஆரம்மா?"

"யோகமலர்."

மிஸ் எழுந்து நின்றார். யோகமலர் சத்தம் போடவில்லை. வாசிகசாலையில் ஒருவர் இந்த அத்தியாயத்தை உரக்க வாசித்திருக்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மகளுக்குப் பேசி முடிந்திருந்த கலியாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். "இதில இருக்கிறது நானில்லை எண்டு சனத்துக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ மிஸ்," என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றதற்கு, பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார்.

மிஸ் சொன்னார். தன்னால் முடிந்த வழியெல்லாம் சொன்னார். முதலில் ஒரு சிறு துண்டு அச்சடித்து, கடைகளில் இருந்த பிரதிகளை எல்லாம் தேடி எடுத்து, அந்த அத்தியாயத்தின் முதற் பக்கத்தில் நாங்கள் இருவரும் கோதுமை மாப் பசையால் ஒட்டினோம். இந்தப் பெயரில் உள்ள எவரையும் இது குறிக்காது என்று அதில் இருந்தது. அது அந்தப் பக்கத்துக்கு ஒரு வெளிச்சம் போட்டதுபோல ஆயிற்று. அதுவரை வாசிக்காதவர்களும் அந்தப் பக்கத்தைத் தேடி வாசித்தார்கள்.

பிறகு அந்தக் கிராமத்து வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைக்கச் சொல்லிக் கேட்டார். நானும் போனேன். இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். யோகமலர் பின்னால் கதவோடு நின்றார். மிஸ் எழுந்து, பெயர் தன்னுடைய கவனக்குறைவால் வந்தது, யோகமலர் என்ற இந்தச் சகோதரிக்கும் புத்தகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொன்னார். அவர் எத்தனையோ மாநாடுகளில் பேசியவர். அன்றைக்குச் சொன்னதையே இரண்டு முறை சொன்னார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்: "அப்ப ஆர் மிஸ் அது?"

"அதை நான் சொல்ல ஏலாது."

"எங்கட ஊர்தானே? காணாமப்போன ஆக்களின்ட பெண்சாதிமார் எங்கட ஊரில எத்தினை பேர்? முகாமுக்குப் போனது எத்தினை பேர்? யோகமலர் இல்லை எண்டா மிச்சத்தில ஒராள்தானே. சொல்லுங்கோவன்."

மிஸ் நின்றார். ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்த மண்டபத்தில் அந்தப் பெண்ணும் இருந்தாரா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதையும் சொல்லமாட்டேன். சனம் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து யோகமலரின் குரல் வந்தது.

"காணும் மிஸ், போதும். விடுங்கோ. நீங்கள் போங்கோ."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். கூட்டம் கலைந்தது. மறுத்துச் சொல்ல வந்தவர் வாயடைத்துப்போனார், சம்பந்தப்பட்டவரும் விடுங்கோ என்று சொல்லிவிட்டார், இனி என்ன சந்தேகம் என்று சனம் நினைத்ததைக் குறை சொல்ல முடியாது. அவமானம் தாங்காமல் யோகமலர் அப்படிச் சொன்னார் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அதற்குப் பிறகு அவர் செய்தது பல பேருக்குத் தெரியாது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிற நேரம் அது. அந்தப் புத்தகம்தான் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. நான்தான் பட்டியலைத் தட்டச்சுச் செய்தேன். மிஸ் பேனையை எடுத்து, "கடலுக்குப் போகாதவர்கள்" என்ற வரியை வெட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து வருட உழைப்பு மிஸ், ஒரு அத்தியாயம்தானே என்றேன். "ஒரு ஆளின்ட சீவியத்தை உடைச்ச புத்தகத்தைக் காட்டி நான் பதவி கேக்க ஏலாது, லோகா," என்றார். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். அலுமாரிக்குள் அடங்கியவை போக மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினார். பதவி கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் எழுதவில்லை. கசெட்டோடு கரைக்குப் போவதும் நின்றுபோயிற்று.

இங்கே நான் என்னுடைய பங்கைச் சொல்லவேண்டும். மிஸ்ஸிடம் சொல்லாததை அவருடைய மலரில் எழுதுகிறேன். யோகமலரை எனக்கு முன்பே தெரியும். சந்தையில் அவரிடம் கருவாடு வாங்கியிருக்கிறேன். அந்தக் கசெட்டை அடிக்கும்போது பெயரைக் கேட்டதும் என் கை நின்றது. இந்தப் பெயரில் அந்த ஊரில் ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முந்திய கிழமைதான் மிஸ் என்னைக் கடிந்திருந்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் நான் ஏதோ குறிப்பு எழுதிவிட்டேன் என்று, "உங்கட கருத்து வேண்டாம், காதில விழுகிறதை மட்டும் அடியுங்கோ" என்று சொல்லிவிட்டார். எனக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. சரி, காதில் விழுந்ததை அடிப்போம், எனக்கென்ன என்று அடித்தேன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு சின்னக் கோபம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு பெயர் போட்டிருப்பார்.

சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு மிஸ் அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். குசினியில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்போம். பழைய மாணவர்கள் முதலில் வந்தார்கள், பிறகு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள், பிறகு அதுவும் குறைந்தது. மான்கள் மட்டும் தவறாமல் வந்தன. வாசல் மணி அடித்தால் மிஸ் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் எழும்புவார், முதல் முறை தனக்கில்லை என்று நினைத்துக்கொள்வார். அந்த வீட்டில் இருந்துகொண்டு, பிழை உங்களுடையது மட்டும் இல்லை மிஸ் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு இருந்த ஒரே சிநேகிதியும் இல்லாமல் போய்விடுவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது எனக்காகத்தான்.

வருடத்துக்கு ஒருமுறை மிஸ் யோகமலரின் வீட்டுக்குப் போவார். கூட்டம் நடந்த அதே மாதத்தில் போவார். பஸ் தரிப்பிடம் வரைக்கும் நான் கூடப் போவேன். உள்ளே அவர் தனியாகத்தான் போவார். கால்மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடுவார். "என்ன மிஸ் சொன்னவ?" என்று கேட்பேன். "தேத்தண்ணி தந்தவ" என்பார். பன்னிரண்டு வருடம் இப்படிப் போய் வந்தார். கடைசி இரண்டு வருடம் முழங்கால் ஏலாமல் போனபோது ஓட்டோ பிடித்துக்கொண்டு போனார்.

செத்தவீட்டுக்கு யோகமலர் வந்தார். அவருடைய மகளும் வந்திருந்தாள். பிறகு அவளுக்கு வெருகல் பக்கத்தில் கலியாணம் நடந்து இரண்டு பிள்ளைகள். யோகமலர் மிஸ்ஸின் தலைமாட்டில் போய் இருந்தார். அழவில்லை, எழும்பவும் இல்லை. பிரேதம் எடுக்கிற நேரம் வந்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போனார்கள். பெண்கள் நாங்கள் வழக்கம்போல வீட்டில் நின்றுவிட்டோம். பெண்களைப் பற்றியே எழுதியவரின் கடைசி வழியில் ஒரு பெண்ணும் இல்லை. மிஸ் இதைப் பார்த்திருந்தால் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்.

வீட்டைக் கழுவத் தொடங்கினோம். மற்றவர்கள் முற்றத்துப் பக்கம் போனபோது யோகமலரும் நானும் மிஸ்ஸின் அறையில் தனியாக இருந்தோம். தண்ணீர் பட்டுவிடும் என்று கட்டிலுக்குக் கீழே இருந்த புத்தகங்களை இழுத்து மேலே அடுக்கினோம். அவர் ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது ஆரெண்டு எனக்குத் தெரியும் அக்கா."

நான் வாளியைக் கீழே வைத்தேன். எப்போதிருந்து என்று கேட்டேன்.

"வாசிச்ச அண்டைக்கே தெரியும். அந்த முகாமில நானும் அவளும் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குள்ளதான் கிடந்தனாங்கள். அந்த மனுசனுக்கு நானும் சோறு குடுத்திருக்கிறன். நல்ல மனுசன்."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"ஆருக்குச் சொல்ல? முதல்ல எனக்கும் நெஞ்சு கொதிச்சதுதான். நானில்லை எண்டு சொன்னா முடிஞ்சுபோகும் எண்டு நினைச்சுத்தான் மிஸ்ஸட்ட வந்தனான். அண்டைக்கு வாசிகசாலையில மிச்சத்தில ஒராள்தானே எண்டு அவர் கேட்டாரெல்லே? அப்பத்தான் விளங்கினது, நான் கழண்டா அவள் பிடிபடுவாள் எண்டு. அவளுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். எனக்கு ஒண்டுதானே. அதுதான் விடுங்கோ எண்டு சொன்னனான்."

"அவ ஏன் உங்கட பேரைச் சொன்னவ?"

"சின்னனில இருந்தே அவளுக்கு என்ர பேரில ஆசை. தனக்கு ஒரு மொட்டைப் பேர் வைச்சிட்டினம் எண்டு அழுவாள். வேற ஒண்டும் இல்லை." அவர் கொஞ்சம் சிரித்தார். "எங்களுக்குள்ள ஒருநாளும் அதைப்பற்றிக் கதைச்சதில்லை. ரெண்டு பேருக்கும் தெரியும்."

கட்டில் விளிம்பில் குந்தினேன். பன்னிரண்டு வருடம் ஒரு பெண்ணின் பெயரை மிஸ் இந்த வீட்டுக்குள் தனியாகக் கட்டிக் காத்தார். அரை மணித்தியாலப் பஸ் தூரத்தில் இன்னொருவர் அதே பெயரைத் தனியாகக் காத்தார். மிஸ்ஸுக்காவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று தெரிந்தும் கேட்டேன்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்," என்றார் யோகமலர். "அவ ஒருநாளும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல அக்கா. வருவா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டுவா. நான் தேத்தண்ணி குடுப்பன். தலையைக் குனிஞ்சுகொண்டு குடிப்பா. போயிடுவா. நான் என்ன செய்ய? ஊரெல்லாம் கேட்டவ, என்னட்ட மட்டும் கேக்கேல்ல."

அவர் சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் புத்தகத்தோடு வந்தபோது, இது யார் சொன்னது என்று யோகமலர் கேட்கவே இல்லை. தன்னுடைய பெயரில் யாரோ கதை சொல்லியிருக்கிறார்கள் என்றால் எவரும் முதலில் கேட்பது அதைத்தான். யார் எந்த இடத்தில் கதைக்காமல் இருந்தார்கள் என்று காகிதத்தில் வரி விட்டுப் பார்த்த மிஸ் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. குற்ற உணர்வு மனிதரின் காதை அடைத்துவிடும் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறவருக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று யோகமலரிடம் கேட்டேன். அவளைப் பற்றி ஒன்றும் எழுதக்கூடாது என்றார். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் பெயர் என்றேன். "என்ர பேரைப் போடுங்கோ. இந்த முறை அது நான்தானே," என்றார். மகளும் ஓம் என்றாள். அந்த ஊர்க்காரர் இதை வாசித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மிச்சத்தில் யார் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்காதீர்கள். பன்னிரண்டு வருடம் ஒருவர் உங்கள் பேச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். அது போதும்.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்த்தேன். கசெட்டுகளைப் பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது, அவை போய்விடும். வீட்டை விற்கப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இனி வெறும் நாட்கள்தான், பின்னேரம் நான்கு மணிக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. என் தலைக்குள் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன, அவற்றைச் சரிபார்க்க இனி இன்னொரு ஆள் இல்லை. ஆனால் நான் வைத்துக்கொண்டிருப்பது இவை எதுவும் இல்லை. மிஸ் கேட்காமல் விட்டுப்போன ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை யோகமலரின் வீட்டுக்குப் போனேன். முதலில், பெயரைக் கேட்டு என் கை நின்ற அந்தப் பின்னேரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தலை நிமிர்ந்துதான் குடித்தேன். பிறகு என் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி இரண்டு பேருக்கும் நடுவில் பாயில் வைத்தேன். "அந்தப் புத்தகம் வந்த நாளில இருந்து நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் வெளியே காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைப் பார்த்தார். பதில் வரக் கனநேரம் எடுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.